புல் முளைத்த புகையிரத நிலையம்

நியமனக் கடிதத்தின் மை காயாமல் வந்திருக்கும் சித்திர ஆசிரியத் தம்பி தங்கைகளே,

சித்திரப் பாடத்துக்கென்று தனியாக ஓர் அறை தருவார்கள் என்று நம்பி வந்திருந்தால், அந்த நம்பிக்கையைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள். எனக்குக் கிடைத்த அறையில் வாத்தியக் குழுவின் மேளங்கள் பாதி, கால் உடைந்த கதிரைகள் மீதி. நடுவில் எஞ்சிய இடத்தில்தான் கலை வளர்த்தேன்.

பாடசாலையில் எந்த விழா வந்தாலும் உங்களைத்தான் தேடுவார்கள். மேடை அலங்காரம், வாசல் வளைவு, பிரதம விருந்தினரின் பெயரை எழுத்தெழுத்தாக வெட்டி ஒட்டுவது, எல்லாம் உங்கள் தலையில்தான். ஒரு பரிசளிப்பு விழாவில் விருந்தினரின் பெயரில் ஒரு குற்றை, எழுத்தின் தலைமேல் வரும் புள்ளியை, ஒட்ட மறந்துவிட்டேன். ஒரு குற்றுப் போனதில் மனிதர் வேறொருவராகிவிட்டார். மேடையில் ஏறியவர் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். நாற்பது நிமிடப் பேச்சைப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். அதிபர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிள்ளைகள் தனித்தனியாக வந்து நன்றி சொன்னார்கள்.

அது சின்னப் பிழை. இனிச் சொல்லப்போவது பெரிய பிழை. அதை முப்பது வருடம் விடாமல் செய்தேன், பாராட்டும் வாங்கினேன்.

எனக்குக் கால் கீற வராது.

சிரிக்காதீர்கள். முகம் வரும், சேலை மடிப்பு வரும், யானை வரும். கண்டியில் இருந்துகொண்டு யானை வராது என்றால் சித்திர ஆசிரியர் வேலைக்கே லாயக்கில்லை. ஆனால் மனிதக் கால் மட்டும் வராது. கணுக்காலுக்குக் கீழே என் பென்சில் இறங்கினால் அங்கே வற்றாளைக் கிழங்குதான் விளையும்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சித்திரம் படிப்பித்தவர் இதை இரண்டாம் வாரமே கண்டுபிடித்துவிட்டார். நல்ல மனிதர். என் படத்தை எட்ட வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார்.

"கால் வரல்லன்னா புல் போடுங்க. கை வரல்லன்னா கூடை ஒண்ணக் குடுங்க. பார்க்கிறவன் கேள்வி கேட்கிறதுக்கு முன்னாடி அடுத்த படத்துக்குப் போயிடுவான்" என்றார்.

பரீட்சைக்கு முதல்நாள் வந்த காய்ச்சலுக்குக் கொடுத்த மாத்திரை அது. நான் அதையே வாழ்நாள் முழுவதும் மூன்று வேளையும் விழுங்கினேன். விழுங்கியதோடு நிற்காமல், என்னிடம் படித்த பிள்ளைகளுக்கும் புகட்டினேன். அதற்கு ஒரு கௌரவமான பெயரும் வைத்தேன்: முன்புலம். ஒரு படத்துக்கு முன்புலம், நடுப்புலம், பின்புலம் என்று மூன்று பகுதி உண்டென்று நீங்களும் படித்திருப்பீர்கள். என் வகுப்பில் முன்புலம் என்றால் புல். திருவிழாவில் புல், சந்தையில் புல், பஸ் தரிப்பிடத்தில் புல். ஒரு பிள்ளை கல்யாண மணவறைக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்த்திருந்தது. அதற்கும் சிவப்பு மையில் சரி போட்டேன். பரீட்சைப் பெறுபேறுகள் நன்றாக வந்தன. பெறுபேறு நன்றாக வந்தால் யாரும் புல்லைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்.

இப்படி நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்த என் வகுப்புக்குத்தான் நுஸ்ரா வந்து சேர்ந்தாள்.

தரம் பத்து. ஊர் அக்குறணை. அவளுடைய வாப்பாவுக்கு அங்கே சப்பாத்துக் கடை. அந்தக் கடைக்குள்ளேயே தவழ்ந்து வளர்ந்தவள் என்பதால் அவள் மனிதர்களைக் கீழிருந்து மேலாகத்தான் பார்ப்பாள்.

"கடைக்கு வாறவங்கட முகம் எனக்கு ஞாபகம் ஈக்கிறல்ல டீச்சர். கால்தான் ஞாபகம் ஈக்கும்" என்றாள் ஒருநாள்.

முதல் வாரத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்களைக் கீறச் சொன்னேன். அவள் கொண்டுவந்த தாளில் வெடித்த குதிகால் இருந்தது, நாடா அவிழ்ந்த சப்பாத்து இருந்தது, நுளம்புக்கடிக்கு ஒரு காலால் மறுகாலைச் சொறிந்துகொண்டு நிற்கும் ஒருத்தி இருந்தாள். முகங்கள் சுமார்தான். ஆனால் கால்களைப் பார்த்தே யார் அவசரத்தில் நிற்கிறார், யார் போக மனமில்லாமல் நிற்கிறார் என்று சொல்லிவிடலாம். எனக்குப் பொறாமையாக இருந்தது. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் பொறாமைப்படுவது வெட்கக்கேடு என்று தெரியும். தெரிந்தும் பட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. முன்புலத்தக் காணோமே" என்றேன்.

"புல்லுப் போட்டா காலெல்லாம் மறஞ்சி போகுமே டீச்சர்."

அதற்குத்தானே பிள்ளை என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அடுத்த வருடம் வலய மட்டச் சித்திரப் போட்டி வந்தது. படங்களைப் பாடசாலையில் வைத்தே தீட்டி அனுப்ப வேண்டும். ஆசிரியரின் கை படக்கூடாது என்பது நிபந்தனை. தலைப்பு: 'புகையிரத நிலையத்தில் ஒரு காலை'. தலைப்பைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். நுஸ்ராவின் கை உயர்ந்தது.

"டீச்சர், தலைப்பிலேயே 'ஒரு காலை' எண்டு ஈக்கு. ஒரு காலையாவது கீற விடுங்களேன்."

வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, முன்புலம் கட்டாயம் என்று அடிக்கோடிட்டேன்.

அவளுக்கு இது விளையாட்டில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சாதாரணதரப் பரீட்சை முடிந்ததும் அவள் வர்த்தகம் படிக்க வேண்டும் என்பது வாப்பாவின் முடிவு. உயர்தரத்தில் சித்திரம் எடுக்க வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். வீட்டில் இரண்டு வாரம் நடந்த இழுபறியின் முடிவில் வாப்பா ஒரு சொல் கொடுத்திருந்தார்: வலயத்தில் முதலாமிடம் வந்தால் சித்திரம், வராவிட்டால் வர்த்தகம். அதன்பிறகு வாயே திறக்கக்கூடாது.

அவள் மூன்று நாள் இருந்து கீறினாள். மேடை நிறையக் கால்கள். பேராதனைக்குப் போகும் மாணவர்களின் கால்கள், மரக்கறி மூட்டைக்குப் பக்கத்தில் களைத்து விரிந்த கால்கள், கதிரையில் உட்கார்ந்த ஒரு குழந்தையின் தரையைத் தொடாத கால்கள். நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். இந்தப் படத்தை என் பெயரால் அனுப்பினால், இதுவரை போன மற்றப் படங்களில் ஏன் கால் இல்லை என்று யாராவது கேட்பார்கள் என்ற பயம்தான் எனக்கு முதலில் வந்தது.

"முன்புலம் போட்டுக் காட்டுங்க" என்றேன்.

அவள் பெஸ்டல் பெட்டியை மூடி வைத்தாள். பிறகு, "சரி டீச்சர்" என்றாள். மறுநாள் பாடசாலை விடும்போது படத்தில் பச்சைப் பசேலென்று புல் நின்றது. நல்ல கீழ்ப்படிவுள்ள பிள்ளை என்று மகிழ்ந்துபோனேன். தம்பி தங்கைகளே, வாதாடும் பிள்ளை சட்டென்று கீழ்ப்படிந்தால் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

எங்கள் பாடசாலையிலிருந்து எட்டுப் படங்கள் போயின. நுஸ்ராவுக்கு முதலாமிடம் என்று தொலைபேசியில் செய்தி வந்தது. அதிபர் காலைக் கூட்டத்தில் அறிவித்தார். நான் மேளங்களுக்கு நடுவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன், நான்கு நாட்களுக்கு. ஐந்தாம் நாள் கடிதம் வந்தது. படங்களைக் காட்சிக்கு வைத்தபோது வேறொரு பாடசாலையின் ஆசிரியர் முறைப்பாடு செய்திருக்கிறார். எட்டுப் படங்களிலும் கீழ்ப்பகுதி ஒரே கையால் தீட்டப்பட்டதாகத் தோன்றுகிறது, அது ஆசிரியரின் கை எனச் சந்தேகிக்கப்படுகிறது, மாணவர்களின் கொப்பிகளுடனும் முதலாமிடம் பெற்ற மாணவியுடனும் பாதுகாவலருடனும் சமூகமளிக்கவும். முதலாமிடம் அதுவரை நிறுத்திவைக்கப்படுகிறது.

எனக்கு ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. என் கோவையில், அதாவது என் பணிக் கோப்பில், ஒரு கறுப்புப் புள்ளி விழலாம். ஆனால் அவளுக்கு, சித்திரம் படிக்கும் வாய்ப்பே கையைவிட்டுப் போய்விடும். விசாரணை நாளன்று, வீடு இருந்த அம்பிட்டியவிலிருந்து பஸ்ஸில் போகும்போது அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

விசாரணை மண்டபத்தில் எட்டுப் படங்களையும் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். அவற்றை ஒன்றாக நான் பார்த்தது அன்றுதான். எட்டு மேடை, எட்டுப் புகையிரதம், எட்டிலும் முழங்கால் உயரப் புல். மாட்டை அவிழ்த்துவிட்டால் மாலைவரை மேயும்.

விசாரித்தவர்கள் மூன்று பேர். தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர், சித்திரப் பாட ஆலோசகராக இருந்தவர். இரண்டாமவர் ஒரு சிங்களப் பெண் அதிகாரி, தமிழ் ஓரளவு விளங்கும். மூன்றாமவர் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டேயிருந்தார். எதிரே நான். பக்கத்து வரிசையில் நுஸ்ராவும் வாப்பாவும்.

"ரீச்சர், நானும் கண்டி ஸ்டேஷனில இறங்கித்தான் வந்தனான்" என்று தலைவர் தொடங்கினார். "புல்லைக் காணேல்லை."

"அது முன்புலம்ங்க சேர்" என்றேன் மிடுக்காக.

அவர் ஒரு கொப்பியைத் திறந்தார். "'ஒரு படத்துக்கு முன்புல் அவசியம்.' இப்பிடித்தான் எழுதியிருக்கு. கீழ சிவப்பு மையில சரி போட்டிருக்கு. உங்கட சரிதானே?" அடுத்த கொப்பி. "'முன்புல் அடர்த்தியாக இருத்தல் வேண்டும்.' இதுக்கும் சரி." அடுத்தது. "'பின்புல் தூரத்தில் காணப்படும்.' இதுக்குச் சரியும் போட்டு, 'நன்று' எண்டும் எழுதியிருக்கிறியள்."

இத்தனை வருடமும் நான் முன்புலம் என்று சொன்னதைப் பிள்ளைகள் முன்புல் என்று கேட்டிருக்கிறார்கள். படத்தில் நான் போடச் சொன்னதும் புல்தான் என்பதால் அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. நான் கொப்பி திருத்திய லட்சணம், எனக்கும் வரவில்லை. அந்தப் பெண் அதிகாரிக்கு யாரோ விளக்கிச் சொல்ல, அவர் முகத்தைக் கோவையால் மறைத்துக்கொண்டு குலுங்கினார்.

தலைவர் சிரிக்கவில்லை. "படிப்பிச்சது நீங்கள் எண்டு விளங்குது. தீட்டினதும் நீங்களோ எண்டதுதான் இப்ப கேள்வி." ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளினார். "இதில ஒரு ஆளைக் கீறுங்கோ. நிண்ட நிலையில. உங்கட கையின்ர ஓட்டத்தைப் பாப்பம். புல் வேண்டாம்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு தாள் நீட்டப்படும். எனக்கு அப்போது மூன்று வழி தெரிந்தது. தலை சுற்றுகிறது என்று சொல்லலாம், என் வயதுக்கு நம்புவார்கள். ஆசிரியரைப் பரீட்சிக்க உங்களுக்கு அதிகாரமில்லை என்று சண்டை பிடிக்கலாம், அதுவும் எனக்கு நன்றாக வரும். மூன்றாவது வழியைத்தான் என் கை தானாகவே தேர்ந்தது. சேலை கட்டிய ஒரு பெண்ணைக் கீறத் தொடங்கினேன். சேலையை நிலம்வரை இறக்கிவிட்டால் கால் எதற்கு?

முகம் முடிந்தது, தோள் முடிந்தது, மடிப்பு அழகாக இறங்கியது. கரையை நிலத்தில் முட்டவிட்ட நேரத்தில் நிமிர்ந்தேன். நுஸ்ரா என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சேலை எதற்காக நீளுகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்மேல் இரக்கப்பட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அழிறப்பரை எடுத்தேன். சேலைக் கரையை அழித்து ஒரு சாண் உயர்த்தினேன். பிறகு, முப்பது வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக, ஆட்களுக்கு முன்னால் இரண்டு கால் கீறினேன்.

தலைவர் தாளை வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், திரும்ப இறக்கினார்.

"இது என்ன ரீச்சர்?"

"கால்ங்க."

"ரெண்டுமோ?"

"ரெண்டும்தாங்க."

எழுதிக்கொண்டிருந்தவர் அன்று முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார். பெண் அதிகாரி எட்டிப் பார்த்து, "அனே பவ்" என்றார். ஐயோ பாவம் என்பதை இரண்டாவது மொழியிலும் கேட்டுவிட்டால் அதன்பிறகு மறைக்க ஒன்றுமில்லை.

"எனக்குக் கால் கீற வராதுங்க சேர்" என்றேன். "ஆரம்பத்துல இருந்தே வராது. அத மறைக்கத்தான் புல். பிள்ளைகளுக்கும் அதையே பாடமாச் சொல்லிக் குடுத்துட்டேன். பிழை முழுக்க என்னோடது. ஆனா அந்தப் புல்ல நான் தொடல்லீங்க."

சொன்னதும் அழுகை வந்தது. கூடவே ஒரு விடுதலையும் வந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

"கால் வராது எண்டதுக்கு இது நல்ல சாட்சி" என்றார் தலைவர். "புல் வராது எண்டதுக்கு?"

அப்போது வகுப்பில் உயர்வதுபோல ஒரு கை உயர்ந்தது.

"சேர், என்ட படத்தில புல்லுக்குக் கீழ கால் ஈக்கு."

அவள் எழுந்து நின்று விளக்கினாள். கால்களை மெழுகுப் பெஸ்டலால் அழுத்திக் கீறியிருக்கிறாள். அதற்குமேல் புல்லைத் தண்ணீரில் கரையும் வர்ணத்தால் தடிப்பாகப் பூசியிருக்கிறாள். மெழுகின்மேல் அந்த வர்ணம் ஊறாது. ஈரத்துணியால் துடைத்தால் புல் போய்விடும், கால் நிற்கும். தரம் ஏழில் நானே சொல்லிக்கொடுக்கும் பாடம்தான் அது.

"டீச்சர் சொன்னதயும் கேட்டேன். என்ட காலயும் வச்சிக்கிட்டேன். பரிசு கிடச்ச பொறகு துடைக்கலாமெண்டு ஈந்தேன்" என்றாள்.

போட்டிப் படத்தை மாற்றக்கூடாது என்று தலைவர் யோசித்தார். மற்ற இருவரோடும் மெல்லப் பேசினார். கடைசியில், பரிசோதனைக்காக ஓர் உள்ளங்கை அகலம் மட்டும் துடைக்கலாம் என்றார். வாப்பா சட்டைப்பையிலிருந்து தன் லேஞ்சியை எடுத்துத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தார். எங்கே துடைப்பது என்று அவள் தேடவே இல்லை. நேரே இடது மூலைக்குப் போனாள், நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தபோதும் கவனிக்காத மூலைக்கு.

புல் கரைந்தது. இரண்டு பாதங்கள் மேலே வந்தன. பெண்ணின் பாதங்கள், நீண்ட நேரம் நின்று வீங்கியவை. மண்ணிறச் செருப்பு. இடது செருப்பின் வார் அறுந்து, கட்டூசி குத்தியிருந்தது. அந்த வாருக்கு வெளியே சுண்டுவிரல் எட்டிப் பார்த்தது.

முதலில் அடையாளம் கண்டது வாப்பாதான், தொழில் அப்படி. படத்தைப் பார்த்தார், நேரே என் மேசைக்கு அடியில் பார்த்தார். பிறகு பெண் அதிகாரி குனிந்தார். எழுதுபவர் குனிந்தார். தலைவரும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நான் காலை உள்ளே இழுத்தேன். மேசைக்கு அடியில் புல் ஒன்றும் முளைத்திருக்கவில்லை.

"ஆறாம் அளவு" என்றார் வாப்பா, பழக்கதோஷத்தில்.

அதற்குப் பிறகுதான் தலைவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "இந்தக் காலைக் கீறின பிள்ளைக்கு உந்தப் புல்லைப் போட வேற ஆற்றையும் கை தேவையில்லை. மற்றப் பிள்ளையள் கொப்பியில கிடந்ததைக் கீறியிருக்குதுகள்" என்றார். முதலாமிடம் நிலைத்தது. எழுதுபவரிடம் ஒரு வரி சொன்னார். அது இன்றும் என் கோவையில் இருக்கிறது: 'முன்புலம் என்பது புல் அன்று என மாணவருக்குத் தெளிவுபடுத்துமாறு ஆசிரியை அறிவுறுத்தப்பட்டார்.'

படிக்கட்டில் வாப்பா என்னிடம் வந்தார். மகளைப் பற்றிப் பேசப்போகிறார் என்று நினைத்தேன்.

"டீச்சர், அந்தச் செருப்ப இனிப் போட வாணாம். அது எங்கட கடைச் செருப்பு. ஆட்கள் கண்டா என்ன நினைக்கும்?" என்றார். கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பினார். "இவ கடையில சும்மா ஈக்கிற எண்டுதான் நினச்சேன். ஒவ்வொருத்தர்ட காலயும் பார்த்துக்கிட்டு ஈந்திருக்கிறா. சித்திரமே படிக்கட்டும்."

படம் உள்ளங்கை அகலம் துடைத்த அந்த இடத்தோடு மாகாணப் போட்டிக்குப் போனது. அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. வாப்பாவின் நிபந்தனை வலயத்தோடு முடிந்திருந்ததால் அதைப் பற்றி நுஸ்ரா கவலைப்படவில்லை.

உங்களுக்கும் வராத ஒன்று இருக்கும். கையோ, நிழலோ, மரமோ, எனக்குத் தெரியாது. அதற்குப் பெயர் வைத்துப் பாடமாக்கிவிடாதீர்கள். எனக்கு வராது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டதால் எத்தனை பிள்ளைகளின் கால்கள் புல்லுக்கு அடியில் போயினவோ, அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

கடைசி இரண்டு வருடமும் நான் கால் கீறப் பழகினேன். வியாழக்கிழமைகளில் பாடசாலை விட்டதும், மேளங்களுக்கு நடுவில். சொல்லித்தந்தவள் உயர்தர மாணவி நுஸ்ரா. கோபக்காரி. "பெருவிரலுக்கு எலும்பு ஈக்கு டீச்சர்" என்று தலையில் கை வைப்பாள். ஓய்வுபெறும் வாரம் ஒரு பாதத்தைக் கீறி முடித்தேன். குதிகால் குதிகாலாகவே வந்திருந்தது. ஐந்து விரலும் இருந்தன. இது கால்தான் என்று எனக்கே நம்பிக்கை வந்தது. பெருமையாக அவளிடம் நீட்டினேன்.

அவள் எட்ட வைத்துப் பார்த்தாள், கிட்ட வைத்துப் பார்த்தாள். என் கைப்பையில் இருந்த சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கினாள். பாதத்துக்குக் கீழே அழகான கையெழுத்தில் எழுதினாள்:

'முன்புல் அவசியம்.'

எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு சரியும் போட்டாள்.